கழற்றிய பாகங்கள் எங்கே?

எங்கள் தாமானில் இரவு ஏழு மணிக்கு மேல் ஒரு கார் நுழைந்தால், அது யாருடையது என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடலாம். சத்தம் அப்படி. "வந்துட்டான், ராக்கெட்டு" என்று எதிர்வீட்டுப் பாட்டி முணுமுணுப்பார். அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார். நான் மட்டும் சன்னல் பக்கம் போவேன். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது. ஆனால் அந்தக் காரைப் பிடிக்கும். மூன்று கதவுகள் கொண்ட, முதுகு வளைந்த புரோட்டோன் சத்ரியா நியோ அது.

இவ்வாண்டு நானும் அப்படியொரு பழைய காரைத் தேடி ஐந்து மாதம் அலைந்தேன். கொஞ்சம் மாற்றியமைத்த, கொஞ்சம் வேகமான, ஆனால் தினமும் வகுப்புக்கு ஓட்டிச் செல்லக்கூடிய கார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை? பேசாம ஒரு மைவி வாங்கு" என்று சொல்லாதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவர்கள் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு என்பதுதான் ஐந்து மாதத்தில் நான் கற்றது. கல்லூரிக்குப் போகும் வயதில் என்னைப்போல் கார் ஆசையோடு திரியும் நண்பர்களுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும் அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

கார் ஆடம்பரமா?

முதலில் இதைப் பேசிவிடுவோம். நான் தங்காக்கில் வசிக்கிறேன். படிப்பது பாகோ உயர்கல்வி மையத்தில். முதலாம் ஆண்டில் விடுதி கிடைத்தது, இரண்டாம் ஆண்டில் கிடைக்கவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். என் வகுப்பு நேரத்துக்குப் பொருந்தும் பேருந்து இல்லை. அண்ணனின் மோட்டார் சைக்கிளில் போகலாம்தான். ஆனால் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு வரும் லோரிகளுக்கு இடையில், மழை பெய்யும் மாலையில், நான் மோட்டாரில் வருவதை நினைத்து அம்மா தூங்கமாட்டார். ஆகவே எனக்குக் கார் தேவை. அதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்தக் கார் என்பதில்தான் சண்டை.

ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறிய வரலாறு. 1985இல் புரோட்டோன் சாகா வந்தபோது அது ஒரு குடும்பக் கார். 1996இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தை புரோட்டோன் வாங்கிய பிறகு, கார் வளைவுகளில் எப்படித் திரும்ப வேண்டும் என்ற அறிவு நம் நாட்டுக் கார்களுக்குள் இறங்கியது. லோட்டஸ் கைபட்ட சத்ரியா ஜிடிஐ, 1.8 லிட்டர் எஞ்சினோடு இன்றுவரை பேசப்படுகிறது. அதன் தம்பியாக 2006இல் சத்ரியா நியோ வந்தது. 2009இல் வந்த அதன் 1.6 சிபிஎஸ் எஞ்சினுக்கு 125 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது பெரிய எண் அல்ல. ஆனால் கார் சிறியது, திருகு சக்கரம் துல்லியமானது. நியோவின் பந்தய வடிவத்தை ஓட்டித்தான் அலிஸ்டர் மெக்ரே 2011இல் ஆசிய பசிபிக் ரேலி வெற்றியாளர் பட்டத்தை வென்றார். அதற்கு முன்பே, 2002இல், நம் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரில் உலக ரேலியின் தயாரிப்புக் கார் பிரிவில் வெற்றியாளரானார். ஆகவே இந்த ஆசையைத் தறுதலைகளின் ஆசை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதில் பொறியியல் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, நாட்டின் கதையும் கொஞ்சம் இருக்கிறது.

முதல் கார்: பளபளப்பு

என் சேமிப்பு 9,000 வெள்ளி. ஆறாம் படிவம் முடித்து எட்டு மாதம் கடையில் வேலை செய்ததும், வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்ததும் சேர்ந்த பணம். கல்விக் கடன் பணத்தில் ஒரு காசும் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதற்குக் காரணம் எளிது. அது படிப்புக்குத் தந்த கடன், வேலைக்குப் போனதும் திருப்பிக் கட்ட வேண்டியது. இன்று அதில் வாங்கும் சைலன்சருக்கு இருபத்தெட்டு வயதிலும் தவணை கட்டிக்கொண்டிருப்போம்.

முதலில் பார்த்த கார் மலாக்காவில் இருந்தது. சிவப்பு நிறம், பெரிய ரிம், தரையைத் தொடும் உயரம். விற்பவர் நல்ல மாதிரிதான் பேசினார், ஆனால் என்னோடு அல்ல. கேள்வி கேட்டது நான். பதில் போனது அண்ணனுக்கு. அண்ணனுக்கோ எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே சந்தேகம். நான் எஞ்சின் எண்ணைக் கிரானோடு ஒப்பிட வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது. எஞ்சின் வேறு. அதாவது 'ஹாப் கட்' கடையில் வாங்கிய வேறொரு எஞ்சினை உள்ளே வைத்திருக்கிறார், ஆனால் பதிவை மாற்றவில்லை.

எஞ்சின் மாற்றுவது தன்னளவில் குற்றமில்லை. ஆனால் மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் தெரிவித்து, சோதனைக்கு உட்படுத்தி, பதிவிலும் எண்ணை மாற்ற வேண்டும். செய்யாவிட்டால், உரிமை மாற்றத்துக்கான பி5 சோதனையிலேயே கார் நின்றுவிடும். "அதெல்லாம் பாத்துக்கலாம், ஆள் இருக்கு" என்றார் அவர். அந்த வார்த்தையைக் கேட்டதும் நாங்கள் கிளம்பிவிட்டோம். ஆள் இருக்கலாம். ஆனால் நாளை ஒரு விபத்து என்றால், காப்புறுதி நிறுவனத்திடம் அந்த ஆளா வந்து நிற்பார்?

இரண்டாவது கார்: முந்நூறு வெள்ளிப் பாடம்

இரண்டாவது கார் நியோ அல்ல. டர்போ எஞ்சின் கொண்ட, அதைவிடப் புதிய கார். படங்களைப் பார்த்தே மயங்கிவிட்டேன். விலையும் நம்பமுடியாத அளவுக்குக் குறைவு. "மூவாயிரம் குடுத்து எடுத்துக்குங்க. மாசா மாசம் பேங்குக்கு நீங்க கட்டுங்க" என்றார் கைப்பேசியில் பேசியவர். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று 300 வெள்ளி முன்பணம் அனுப்பினேன். அன்றிரவு அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "மா, அது சம்போங் பாயார்மா" என்று மட்டும் சொன்னார்.

சம்போங் பாயார் என்றால் அடுத்தவர் பெயரில் உள்ள வாடகைக் கொள்முதல் கடனை நாம் தொடர்ந்து கட்டுவது. வங்கியின் ஒப்புதல் இல்லாமல் இப்படிச் செய்வது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். நாம் மூன்று ஆண்டு கட்டினாலும் கார் நம் பெயரில் இல்லை. முதல் ஆள் ஏற்கெனவே தவணை பாக்கி வைத்திருந்தால் வங்கி வந்து இழுத்துக்கொண்டு போகும். நாம் தவறு செய்தால் அவர் பெயருக்குச் சம்மன், அவர் தவறு செய்தால் நம் காசுக்கு நட்டம். மாத வருமானம் இல்லாத மாணவர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்காது. அதனால்தான் இந்த வலை நம்மைப் பார்த்தே விரிக்கப்படுகிறது. விலையுயர்ந்த, மாற்றியமைத்த கார்கள் அந்த வலையில் இரையாக வைக்கப்படுகின்றன. 300 வெள்ளி திரும்பி வரவில்லை. அந்த எண்ணும் இப்போது வேலை செய்வதில்லை.

வெட்கத்தை விட்டு இதை எழுதக் காரணம் உண்டு. என் வகுப்பில் இதைச் சொன்னபோது மூன்று பேர் பின்னர் தனியாக வந்து "எனக்கும்தான்" என்றார்கள். ஏமாந்ததை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் ஏமாற்றுபவர்களுக்கு நாம் செய்யும் பெரிய உதவி.

அப்பாவின் மூன்றாம் கணக்கு

இந்த இரண்டு தோல்விகளுக்குப் பிறகு அப்பா ஒரு நாள் இரவு, "எவ்வளவு குறையுது?" என்று கேட்டார். மூவாரில் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் லோரி ஓட்டுகிறார் அவர். அம்மா தங்காக் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் அம்மாவின் கால்கள் வீங்கிவிடும். துணிக்குப் பெயர்பெற்ற ஊரில் வாழ்வதன் விலை அது. "சேமநிதியில மூணாம் கணக்குல அஞ்சாயிரம் எடுக்கலாம். கைப்பேசியிலேயே எடுத்துடலாமாம்" என்றார் அப்பா.

2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதி வாரியத்தில் நெகிழ்வுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். மருத்துவமனைச் செலவு வந்த குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் என்னைப் போன்ற பிள்ளைகள் உள்ள வீடுகளில் அது ஆபத்தும்கூட. பெற்றோர் மறுக்கமாட்டார்கள். கேட்கவே வேண்டாம், அவர்களே நீட்டுவார்கள்.

அன்றிரவு நான் ஒரு கணக்குப் போட்டேன். 2024ஆம் ஆண்டுக்கு வாரியம் தந்த இலாப ஈவு 6.3 விழுக்காடு. ஆண்டுக்கு 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலே, அந்த 5,000 வெள்ளி பத்தாண்டுகளில் ஏறக்குறைய 8,950 வெள்ளி ஆகும். அப்பாவுக்கு இப்போது ஐம்பது. அறுபதில் அவர் லோரியை விட்டு இறங்கும்போது கையில் இருக்க வேண்டிய பணம் அது. நான் வாங்கும் காரோ பத்தாண்டுகளில் பழைய இரும்பு விலைக்குப் போகலாம். அந்தக் காகிதத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கணக்கு டீச்சர் ஆயிட்ட" என்று சிரித்தார். ஆனால் அவர் குரலில் ஒரு வருத்தமும் இருந்தது. பிள்ளைக்குக் கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தம். அதைத் தாங்கிக்கொள்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் என் கருத்து இதுதான்: நம் ஆசைக்கு விலை நம் பணத்தில் இருக்க வேண்டும். பெற்றோரின் முதுமையை விற்று வாங்கும் காரில் எவ்வளவு குதிரைத்திறன் இருந்தாலும் அது நம்மை முன்னால் கொண்டுபோகாது.

நான் மேலும் மூன்று மாதம் கூடுதல் டியூசன் எடுத்தேன். கையில் 11,500 வெள்ளி சேர்ந்தது.

வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் விலை வேறு

கார் விலையைப் பேசுகிறோம், அதை வைத்திருக்கும் விலையை யாரும் பேசுவதில்லை. சாலை வரியில் தொடங்குவோம். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1.3 லிட்டர் எஞ்சின் என்றால் ஆண்டுக்கு 70 வெள்ளி. 1.6 வரை 90 வெள்ளி. 1.8ஐத் தாண்டினால் 280 வெள்ளியில் தொடங்கி ஒவ்வொரு சிசிக்கும் 50 சென் கூடும். அதனால் 1.6 லிட்டர் எஞ்சின் என்பது மாணவனுக்கு நல்ல எல்லைக்கோடு.

அடுத்தது காப்புறுதி. 'என்சிடி' எனப்படும் கோரிக்கையற்ற தள்ளுபடி 55 விழுக்காடு வரை உயரக்கூடியது. ஆனால் அது காருக்குச் சேராது, ஆளுக்குச் சேரும். "என் காருக்கு என்சிடி 55" என்று விற்பவர் சொன்னால் அது அவரோடு போய்விடும். முதல் கார் வாங்கும் நமக்குச் சுழியிலிருந்துதான் தொடக்கம். முழுப் பிரீமியம் கட்ட வேண்டும். பழைய கார் என்றால் கூடுதல் கட்டணமும் வரலாம். காரில் செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனம் கேட்கும்போது மறைத்துவிட்டால், இழப்பீடு கேட்கும் நாளில் அது நமக்கு எதிராகத் திரும்பும்.

மூன்றாவது, பெட்ரோல். பாகோவுக்குப் போக வர மாதம் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 117 லிட்டர். புடி95 திட்டத்தின் 1.99 வெள்ளி விலையில் 233 வெள்ளி. இப்போது அதே காரின் கணினியை முன்னாள் உரிமையாளர் ரோன் 97க்கு ஏற்ப 'டியூன்' செய்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 ஊற்றினால் எஞ்சினுக்குள் எரிபொருள் நேரம் தவறி வெடித்து 'டக் டக்' என்று தட்டும். நாளடைவில் பிஸ்டன் கெடும். எனவே லிட்டர் மூன்று வெள்ளிக்கு மேல் விற்கும் 97தான் ஊற்ற வேண்டும். அப்படிப்பட்ட கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டர்தான் ஓடும் என்றால் மாதம் 420 வெள்ளிக்கு மேல். வித்தியாசம் மட்டும் 187 வெள்ளி. என்னிடம் கணிதம் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் மாதக் கட்டணம் அது.

ஸ்பேனரும் வெல்டிங்கும்

மூன்றாவது கார் சிகாமட்டில் இருந்தது. 2010ஆம் ஆண்டு நியோ சிபிஎஸ், கையியக்கக் கியர். விற்பவர் ஓய்வுபெற்ற தொழில்நுட்பர், சீனர். கார் வெளியே பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. வீட்டு முன்னால் நின்றதும் அவர் என்னைப் பார்த்து மலாயில், "யார் ஓட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டார். "நான்தான் அங்கிள்" என்றேன். அதன் பிறகு அவர் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

காரில் என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். "அதற்கு முன் இதைப் பார்" என்று சாமான் அறையைத் திறந்தார். உள்ளே ஒரு பெரிய அட்டைப்பெட்டி. கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த ஸ்பிரிங்குகள், அப்சார்பர்கள், காற்று வடிகட்டிப் பெட்டி, திருகுகள்கூடச் சிறிய பைகளில். பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்த அசல் சைலன்சர். பெட்டியின் மேல் ஒரு கோப்பு. பதினைந்து ஆண்டு ரசீதுகள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மாற்றியமைத்த காரில் நாம் பார்க்க வேண்டியது மாட்டியிருக்கும் பாகங்களை மட்டுமல்ல. கழற்றிய பாகங்கள் எங்கே என்று கேட்க வேண்டும். அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பவர், ஒரு நாள் பழைய நிலைக்குத் திரும்ப முடிய வேண்டும் என்று நினைத்து வேலை செய்தவர். "அதையெல்லாம் எப்பவோ வித்தாச்சு" என்று சொல்பவர், பெரும்பாலும் காசு முட்டிய நேரத்தில் பாகத்தை விற்றவர். காசு முட்டிய நேரத்தில் ஆயிலை மாற்றியிருப்பாரா?

அங்கிள் இன்னொன்றும் சொன்னார். ஸ்பேனரால் செய்த வேலையை ஸ்பேனரால் திருப்பலாம். வெட்டி, பற்றவைத்து, வயரை அறுத்துச் செய்த வேலையைத் திருப்ப முடியாது. இந்த ஒரு அளவுகோல் எனக்குப் பல கட்டுரைகளைவிடப் பயன்பட்டது. நல்ல நிறுவனத்தின் தாழ்வான ஸ்பிரிங் மாட்டினால் கழற்றிவிடலாம். அசல் ஸ்பிரிங்கையே அறுத்துத் தாழ்த்தினால், அது தன் இருக்கையில் சரியாக உட்காராது, அப்சார்பரைக் கொல்லும், பள்ளத்தில் கார் தரையில் அடிக்கும். மூவார், தங்காக், சிகாமட் சாலையில் மழைக்காலத்துக்குப் பிறகு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும்.

அழகுக்காகத் திருகு சக்கரத்தை மாற்றியிருந்தால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். பந்தய பாணிச் சக்கரம் வந்தால் அதற்குள் இருந்த ஏர்பேக் போய்விட்டது என்று பொருள். அசல் ஏர்பேக் இருந்தாலும் பழைய கார்களில் அது மீட்டழைப்புக்கு உட்பட்டதா என்று பார்க்க வேண்டும். டக்காட்டா ஏர்பேக் வெடித்துச் சிதறிய விபத்துகள் பல நாடுகளில் உயிர்களைப் பறித்தன. நம் நாட்டிலும் பறித்தன. அந்த ஏர்பேக்கைச் சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் இலவசமாகவே மாற்றித் தருகின்றன. பழைய கார் பல கை மாறியதால் அந்தச் செய்தி இப்போதைய உரிமையாளரை எட்டாமலேயே போயிருக்கலாம்.

நான் பார்த்த வரிசையையும் சொல்லிவிடுகிறேன். போவதற்கு முன், "நான் வரும்வரை எஞ்சினை முடுக்க வேண்டாம்" என்று சொன்னேன். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்க முன்பே ஓடவிட்டிருக்கலாம். குளிர்ந்த எஞ்சின் முடுக்கும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் குளிரூட்டும் நீர் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியைத் திறந்து அடியில் பால்போல் பசை இருக்கிறதா என்று பார்த்தேன். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு எண்களைப் படித்தேன். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூக்கள் ஆழமாக இருந்தாலும் வயதான டயர் மழையில் கைவிடும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று ரசீதில் தேடினேன். அது ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும், எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். கடைசியாக, புரோட்டோன் என்பதால், பவர் விண்டோ நான்கு முறை ஏற்றி இறக்கினேன். அங்கிள் சிரித்துவிட்டார்.

அதன் பிறகும் வாங்கவில்லை. விற்பவருக்கு வேண்டியவர் அல்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். 120 வெள்ளி செலவு. ஆயில் கூலர் குழாயில் இலேசான கசிவு, எஞ்சின் மவுண்டிங் ஒன்று போயிருக்கிறது என்றார். அதைச் சொல்லி விலையில் 600 வெள்ளி குறைத்தோம். பி5 சோதனையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. "புஸ்பாகோம் பாஸ் ஆயிடுச்சு, காடி நல்லாருக்கு" என்பார்கள். அந்தச் சோதனை முக்கியமாகக் காரின் அடையாளத்தையும் சட்டத்துக்கு உட்பட்ட நிலையையும் பார்ப்பது. உங்கள் எஞ்சின் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. 120 வெள்ளியை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று. கடையிடம் வாங்கி ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது கேட்கும், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் தனிநபரிடம் வாங்கினால் அந்த வாசல் நமக்குத் திறக்காது. நான் தனிநபரிடம்தான் வாங்கினேன். அதனால்தான் இவ்வளவு பார்த்தேன்.

"பேசாம மைவி வாங்கு"

இப்போது உறவினர்களின் கேள்விக்கு வருகிறேன். இத்தனை தலைவலி எதற்கு, மாற்றம் செய்யாத ஒரு மைவி போதாதா? உண்மையைச் சொன்னால், பெரும்பாலான மாணவர்களுக்கு அதுதான் சரியான பதில். 2005இலிருந்து ஓடுகிறது, எந்தக் கம்பத்திலும் பாகம் கிடைக்கும், விற்றாலும் விலை நிற்கும். காரைப் பற்றிப் படிக்க ஆர்வம் இல்லாதவர், மாதக் கடைசியில் கையில் நூறு வெள்ளிகூட மிஞ்சாதவர், பழுது வந்தால் ஒரு வாரம் நடந்து சமாளிக்க முடியாதவர், தயவுசெய்து மாற்றியமைத்த காரைத் தொட வேண்டாம். ஆசை மட்டும் போதாது.

ஆனால் "மாற்றிய கார் என்றாலே ரௌடிக் கார்" என்ற பார்வையை நான் ஏற்கவில்லை. நம் சமூகத்தில் இளைஞர்கள் காரில் கைவைத்தால் உடனே குண்டர் கும்பல் என்ற பேச்சு வந்துவிடுகிறது. அந்தப் பேச்சுக்கு நாமும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறோம். நள்ளிரவில் தாமானை எழுப்பும் சைலன்சர், முன்பக்கக் கண்ணாடியிலும் இருட்டு, எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கும் விளக்கு. இவற்றுக்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. பின்பக்கக் கண்ணாடிகளுக்கு 2019இலிருந்து எவ்வளவு கறுப்பும் போடலாம். முன் கண்ணாடி 70 விழுக்காடும் முன்பக்கச் சன்னல்கள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும். இதைக்கூடக் கடைப்பிடிக்காமல், சாலைத் தடுப்பில் நிறுத்தினால் மட்டும் "நம்மளையே பிடிக்கிறான்" என்று சொல்வதில் பாதிதான் நியாயம்.

மறுபக்கம், ஒரு பையன் இரவு முழுக்க உட்கார்ந்து சஸ்பென்ஷனைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டால் அது ஒரு தொழில்திறன். அதைத் திட்டி அணைக்காமல், தொழிற்கல்லூரிப் பக்கம் திருப்பிவிட வேண்டியது பெரியவர்களின் வேலை. பெண்பிள்ளை கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்வதும் அந்த வேலையில் சேரும். ஓட்டுநர் உரிமத்துக்கான வகுப்பில் சாலைக் குறியீடுகளைச் சொல்லித் தருகிறார்கள். பழைய கார் வாங்குவது எப்படி, என்சிடி என்றால் என்ன, சம்போங் பாயார் ஏன் ஆபத்து என்று எங்கும் சொல்லித் தருவதில்லை. பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகங்கள் ஆண்டுக்கு ஒரு மாலை இதற்கு ஒதுக்கலாம். ஒரு மெக்கானிக், ஒரு காப்புறுதி முகவர், ஏமாந்த ஒரு மாணவர். நான் வரத் தயார், மூன்றாவது நாற்காலியில்.

இப்போது என் கார்

அங்கிள் மாட்டியிருந்த சைலன்சர் சட்டத்துக்கு உட்பட்டதா என்று எனக்கு உறுதியில்லை. வாங்கிய வாரமே பெட்டியில் இருந்த அசலை மாட்டிவிட்டேன். ஸ்பிரிங்குகளையும் அசலுக்கே மாற்றினேன். தோழி ஒருத்தி, "அப்போ மாத்தின காடி எதுக்கு வாங்கின?" என்று கேட்டாள். நல்ல பிரேக் பட்டைகளும் நல்ல டயரும் அப்படியே இருக்கின்றன. அவைதான் எனக்குத் தேவையான மாற்றம். லேடாங் மலையைப் பார்த்தபடி காலையில் டோலுக்குள் நுழைந்து, சட்டம் அனுமதிக்கும் 110இல் போகும்போது, அந்தச் சிறிய கார் என் கைக்குச் சொன்னபடி கேட்கிறது. அது போதும்.

மழை கொட்டிய ஒரு மாலை, எனக்கு முன்னால் போன லோரி திடீரென்று நின்றது. நானும் நின்றேன். இடைவெளி ஒரு கார் நீளம்கூட இருக்காது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் வெளியே போய், கைப்பேசி விளக்கை அடித்து நான்கு டயரையும் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "டயர் நல்லாத்தான் இருக்கு" என்றார். எதிர்வீட்டுப் பாட்டிக்கு என் கார் வந்து நிற்பதே தெரிவதில்லை.

அட்டைப்பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இப்போது அதில் அங்கிள் மாட்டிய பாகங்கள் இருக்கின்றன. மேலே என் பெயரில் ஒரு புதிய கோப்பு, அதில் ஆறு ரசீதுகள். என்றாவது ஒருநாள் இந்தக் காரை வாங்க வரும் பிள்ளை, கழற்றிய பாகங்கள் எங்கே என்று கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.